கல்லூரி வாசல்கள் – 11: மணிக்கூண்டுக்கும் சிறைக்கும் நடுவே

பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக்கைத் தாண்டிக் கிழக்கே போகிற ரயில் அடுத்ததாக நிற்கும் நிலையத்தின் பெயர், ‘சர் எம். விஸ்வேஸ்வரய்யா நிலையம், சென்ட்ரல் காலேஜ்’. படியேறி வெளியே வந்தால் கருங்கல் கட்டடமும் அதன் மணிக்கூண்டும் கண்ணில் படும். ஒரு பக்கம் கொஞ்சம் நடந்தால் மைசூர் பேங்க் சதுக்கம். இன்னொரு பக்கம் பத்து நிமிடம் நடந்தால் பழைய மத்தியச் சிறை இருந்த இடம். இப்போது அதற்கு ஃப்ரீடம் பார்க் என்று பெயர். கல்லூரி, சதுக்கம், சிறை: பெங்களூரு மாணவர் தலைமையின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த மூன்று இடங்களுக்கு நடுவில் நடந்திருக்கிறது.

சென்ற பகுதியில் அண்ணாமலைநகரில் நின்றோம். 1965 ஜனவரி 27 அன்று மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டதையும், இரண்டே ஆண்டுகளில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்ததையும் பார்த்தோம். அது நம் வீட்டுக் கதை; பாதி வாசகர்களுக்கு மனப்பாடம். சென்னையிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிற பெங்களூருவில் என்ன நடந்தது என்பது நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அங்கே நடந்ததில் ஒரு விஷயம் என்னைப் பல நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதியை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

சென்ட்ரல் காலேஜ் 1858-ல் ஒரு உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கியது. 1875-ல் இப்போதைய பெயர் வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-ல் பிறக்கும்வரை இங்கே படித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியிலிருந்து வந்த ராஜாஜி 1894-ல் பி.ஏ. முடித்தது இந்தக் கல்லூரியில்தான். அவருக்குப் பதின்மூன்று வருடம் முன்பு விஸ்வேஸ்வரய்யா இங்கே பட்டம் பெற்றார். சி.வி. ராமன் தம் புதிய ஒளிச்சிதறலைப் பற்றி 1928 மார்ச் 16 அன்று விரிவாகப் பேசியதும் இந்த வளாகத்தில்தான்.

அந்தக் காலத்துக் கல்லூரிச் சங்கம் என்பது பெரும்பாலும் பேச்சு மன்றம். ஆங்கிலேயக் கல்லூரிகளைப் பார்த்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆக்ஸ்ஃபோர்டில் 1823-ல் தொடங்கிய விவாத சங்கம் அதற்கு ஒரு முன்மாதிரி. மாணவர்களில் ஒருவர் செயலாளர், ஒருவர் துணைத்தலைவர். தலைமை நாற்காலியில் கல்லூரி முதல்வரோ பேராசிரியரோ. வெள்ளிக்கிழமை மாலை ஒரு தலைப்பில் இரண்டு அணி பேசும், கை தூக்கி வாக்கெடுப்பு நடக்கும், தேநீரோடு கலைவார்கள். மாணவர் கையில் உண்மையான அதிகாரம் இருந்த பல்கலைக்கழகம் என்று பார்த்தால் இன்னும் பின்னோக்கி இத்தாலியின் பொலோஞாவுக்குத்தான் போகவேண்டும். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாணவர்கள் தங்களுக்குள்ளேயே ரெக்டரைத் தேர்ந்தெடுத்தார்கள்; வகுப்புக்குத் தாமதமாக வந்த பேராசிரியருக்கு அபராதமும் போட்டார்கள். பம்பாய், கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்களை 1857-ல் நிறுவியவர்கள் அந்த வழியை நினைத்தும் பார்க்கவில்லை.

பேச்சு மன்றத்தில் பழகிய குரல் தெருவுக்கு வந்தது 1942 ஆகஸ்டில். அதைச் சொல்ல ஒருவருடைய வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வசதி.

ஹெச். நரசிம்மையா, ஊரார் சொல்வதுபோல ஹெச்.என்., 1920-ல் கௌரிபிதனூர்ப் பக்கம் ஹொசூரு என்ற கிராமத்தில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். மேலே படிக்க 1935-ல் பெங்களூரு வந்தபோது பயணச் செலவுக்குக் காசில்லை. எண்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இரண்டு நாள் நடந்தே வந்தார். பசவனகுடியில் நேஷனல் ஹைஸ்கூலில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு காந்தி அந்தப் பள்ளிக்கு வந்தார். அவருடைய இந்திப் பேச்சைக் கன்னடத்தில் சொல்ல இந்தப் பையனைத்தான் மேடையேற்றினார்கள். இலவச விடுதியில் தங்கிப் படித்து, சென்ட்ரல் காலேஜில் இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்தார். கடைசி வருடம் நடந்துகொண்டிருந்தபோது ‘வெள்ளையனே வெளியேறு’ வந்தது. படிப்பை விட்டுவிட்டு இறங்கினார்.

கடைசி வருட ஆனர்ஸை விட்டு இறங்குவது என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். இரண்டு நாள் நடந்து வந்த பையன் அவர். அந்தப் பட்டத்தை நம்பி ஊரில் ஒரு வீடு காத்திருந்தது. வசதியான குடும்பம் ஒன்று பின்னால் இருந்து, பிள்ளை ஆறு மாதம் ஜெயிலுக்குப் போய்வந்தாலும் சமாளித்துக்கொள்ளும் என்ற நிலையில் அவர் இல்லை. மாணவர் தலைமை பற்றிப் பேசும்போது நாம் மேடையையும் மாலையையும்தான் பார்க்கிறோம். இந்த இழப்பைப் பார்ப்பதில்லை.

மைசூர் சமஸ்தானம் ஒரு மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயரை வெளியேறச் சொல்லும் கிளர்ச்சி இங்கே எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் பெங்களூருவில் அந்த ஆகஸ்டில் கல்லூரிகள் காலியாயின; பின்னி மில்லிலும் விமானத் தொழிற்சாலையிலும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஊர்வலங்கள் வந்து சேர்ந்த இடம் மைசூர் பேங்க் சதுக்கம். அங்கே போலீஸ் சுட்டது. உயிர்விட்டவர்களுக்கு இன்றைக்கும் அங்கே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அவென்யூ ரோட்டுக்குப் புத்தகம் வாங்கப் போகிற மாணவர்கள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஹெச்.என். பெங்களூரு, மைசூரு, புனே எரவாடா சிறைகளில் இருந்தார். அதே கிளர்ச்சியில் ஹெச்.எஸ். துரைசாமி பெங்களூரு மத்தியச் சிறையில் பதினான்கு மாதம் இருந்தார். சென்ட்ரல் காலேஜில் படித்துவிட்டு ஆசிரியரானவர் துரைசாமி. வயது நூறைத் தாண்டிய பிறகும் போராட்டப் பந்தல்களில் வந்து உட்கார்ந்தவர். 2021 மே மாதம் தம் 103-ஆம் வயதில்தான் மறைந்தார். நரசிம்மையா வெளியே வந்து விட்ட படிப்பை முடித்தார், 1946-ல் நேஷனல் காலேஜில் ஆசிரியரானார். பிறகு அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அதே கல்லூரிக்குத் திரும்பினார். அவரை மறுபடி சந்திப்போம்.

1947-ல் நாடு சுதந்திரம் பெற்றது. மைசூர் சமஸ்தானத்தில் மக்களாட்சி வரவில்லை. அதற்காக எழுந்த ‘மைசூர் சலோ’ கிளர்ச்சியில் அந்தச் செப்டம்பரில் மைசூரு நகரில் ராமசாமி என்ற பள்ளி மாணவன் சுடப்பட்டு இறந்தான். அங்கே ராமசாமி சர்க்கிள் என்று ஒரு நாற்சந்தி அவன் பெயரில் இருக்கிறது. அடுத்த சில வாரங்களில் மகாராஜா இறங்கிவந்தார், கே.சி. ரெட்டி தலைமையில் அமைச்சரவை அமைந்தது.

பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 1964-ல் தனியாகப் பிரிந்தது. சென்ட்ரல் காலேஜும் பொறியியல் கல்லூரியும் அதன் வித்துகள். பிற்பாடு ஊருக்கு மேற்கே ஞானபாரதி என்ற ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் வளாகத்துக்குத் துறைகள் போயின. அறுபது, எழுபதுகளில் கல்லூரித் தேர்தல் ஒரு திருவிழாவாகவே நடந்தது. அந்தத் தலைமுறையில் படித்த யாரைக் கேட்டாலும் ‘யூனியன் எலெக்ஷன்’ என்று ஆரம்பித்தால் முகம் மலரும். பேனல் போட்டு நிற்பது, வகுப்பு வகுப்பாக ஏறிப் பேசுவது, லைப்ரரிக்கு எதிர்ச் சுவரில் சுண்ணாம்பில் பெயர் எழுதுவது. ஜெயித்தவர் கல்லூரி விழாவுக்கு எந்தப் பாடகரைக் கூப்பிடுவது என்பதிலிருந்து பஸ் பாஸ் கட்டணம் வரைக்கும் முதல்வரோடு உட்கார்ந்து பேசுவார்.

1972 முதல் 1977 வரை இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நம் ஹெச்.என். முப்பது வருடம் முன்பு வகுப்பைவிட்டு வெளியேறிய மாணவர் இப்போது மாணவர்கள் மனு கொடுக்கிற மேசைக்கு மறுபுறம் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேஷனல் காலேஜ் விடுதியில் ஓர் அறைதான் கடைசிவரை வீடு. இசை, நாட்டியம், நாடகத்துக்குப் பல்கலைக்கழகத்தில் துறை தொடங்கினார். 1976-ல் அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்து நாடு முழுக்கப் பேசப்பட்டார். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதே என்பதை மாணவர்களுக்குச் சொல்வதோடு விடாமல் தாமே செய்து காட்டியவர்.

அவர் பதவியில் இருந்த காலத்தில்தான் மாணவர் எழுச்சியின் கறுத்த பக்கமும் வெளிப்பட்டது. இந்தத் தொடரில் மாணவர்களை வாழ்த்தியே எழுதிவருகிறேன் என்று சில வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் வாழ்த்த முடியாது.

1973 நவம்பரில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் அமைச்சர் பி. பசவலிங்கப்பா மைசூருவில் ஒரு கூட்டத்தில் பேசினார். கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூசா என்றார். பூசா என்றால் மாட்டுக்குப் போடுகிற தவிடு. இந்தப் பசவலிங்கப்பாதான் மனிதர்கள் தலையில் மலம் சுமக்கிற வழக்கத்தைத் தடைசெய்ய முன்நின்றவர். அதற்காகவும் சிலருக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மைசூரு, பெங்களூரு கல்லூரிகள் கொந்தளித்தன. மொழிப்பற்று என்று தொடங்கிய ஊர்வலங்கள் தலித் மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகள் பக்கம் திரும்பின. அடிவாங்கியவர்கள் அதே கல்லூரிகளில் அதே வகுப்பில் படித்தவர்கள். டிசம்பரில் பசவலிங்கப்பா பதவி விலகினார்.

அப்போது பெங்களூருவில் மாணவராக இருந்த சித்தலிங்கையா பின்னாளில் கன்னடத்தின் பெரிய கவிஞரானார். மாகடிப் பக்கத்து மஞ்சனபெலேயிலிருந்து வந்த குடும்பம். இளமை ஸ்ரீராம்புரத்தில் கழிந்தது. பின்னி மில்லைச் சுற்றித் தமிழர்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதி அது. அவருடைய தன்வரலாறு ‘ஊரும் சேரியும்’ என்று பாவண்ணன் மொழிபெயர்ப்பில் தமிழிலும் வந்திருக்கிறது. பேச்சுப் போட்டி மேடைகளில் வளர்ந்தவர் அவர். மாணவப் பெரும்பான்மை ஒரு பக்கம் நின்றபோது மறுபக்கம் நின்று பேசியவர். யூனியன் தேர்தலில் அவரைப் போன்றவர்களுக்கு எண்ணிக்கை கிடையாது. எந்தப் பேனலும் அவர்களைத் தலைவர் இடத்துக்கு நிறுத்தியிருக்காது. ஆனால் அந்த வருடக் கர்நாடகக் கல்லூரிகளிலிருந்து இன்றைக்கும் நிலைத்திருக்கிற தலைமை என்று எதையாவது சொன்னால் அது அவர்களுடையதுதான். பூசா கலவரத்தில் அடிபட்ட மாணவர்களின் கோபத்திலிருந்தும் தவிப்பிலிருந்தும்தான் பி. கிருஷ்ணப்பா, தேவனூரு மகாதேவ, சித்தலிங்கையா போன்றவர்களின் தலித் சங்கர்ஷ சமிதி உருவாயிற்று. கர்நாடகத்தின் அரசியலையும் இலக்கியத்தையும் ஒருசேரப் புரட்டிய இயக்கம் அது. வாக்கு எண்ணிக்கையில் தோற்றவர்கள் வேறொரு சங்கம் கட்டினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் தலைமை சிறுபான்மையைக் காக்கத் தவறும்போது என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

நெருக்கடி நிலை வந்தது. 1975 ஜூன் 26 காலை, நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காகப் பெங்களூரு வந்திருந்த வாஜ்பாயும் அத்வானியும் கைதாகி மத்தியச் சிறைக்குள் போனார்கள். மாநிலமெங்கும் மாணவர் தலைவர்களும் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவரான அனந்தகுமார் 1996 முதல் இறக்கும்வரை தெற்கு பெங்களூருவின் எம்.பி. எண்பதுகளின் தொடக்கத்தில் எதிர்முகாமில், காங்கிரஸின் மாணவர் அணியில், பெங்களூருவில் தலையெடுத்தவர் டி.கே. சிவகுமார். கர்நாடக அரசியல்வாதிகள் பலருடைய முதல் வாக்குச் சேகரிப்பு கல்லூரி நடைபாதையில்தான் நடந்தது.

கட்சிகள் வளாகத்துக்குள் வந்தது அதன் விலை. ஏ.பி.வி.பி. 1949-லேயே பதிவானது, எஸ்.எஃப்.ஐ. 1970-லும் என்.எஸ்.யு.ஐ. 1971-லும் வந்தன. எண்பதுகளில் பணம் வந்தது, வெளியாள் வந்தது, பேனலுக்குப் பேனல் மோதல் வந்தது. பெற்றோர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இரத்தக் காயத்தோடு வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பார்த்த தாய்க்கு ஜனநாயகப் பயிற்சி என்று விளக்கம் சொல்ல முடியாது.

இனி நான் சொல்லவந்த விஷயம்.

அரசியல் சட்டத்தின் 61-ஆம் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. பி.யு.சி. முடித்துப் பட்டப்படிப்பில் காலடி வைத்தவுடனே ஒரு மாணவரும் மாணவியும் நாட்டின் வாக்காளர்கள். அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்துக்கும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல் நடந்தது. பதினெட்டு வயதுக்காரர்கள் முதல்முறையாக வரிசையில் நின்றார்கள். கர்நாடகத்தில் காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது; நவம்பர் 30 அன்று வீரேந்திர பாட்டீல் முதலமைச்சரானார். அவருடைய ஆட்சி ஒரு வருடம்கூட நிறையவில்லை. அந்த 1989–90 காலத்தில்தான் கர்நாடகக் கல்லூரிகளில் மாணவர் சங்கத் தேர்தல் நிறுத்தப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் வன்முறை.

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு விதான சௌதாவுக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கத் தகுதி உண்டு என்று நாடு சொன்ன அதே காலத்தில், தன் வகுப்புக்கு யார் பேசுவது என்று தீர்மானிக்கும் உரிமை பறிபோனது. அந்த வரிசையில் முதன்முதலாக நின்றவர்களின் வாக்கும் சேர்ந்து வந்த அரசு அதைச் செய்தது. முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. எத்தனையோ கட்சிகள் வந்து போயின, மாணவர் அரசியலில் வளர்ந்தவர்களே அமைச்சர்களாக இருந்தார்கள். பழைய வாசல் திறக்கவில்லை.

அந்த இடத்தில் என்ன வந்தது? பல கல்லூரிகளில் மதிப்பெண் பார்த்து வகுப்புப் பிரதிநிதியை நியமிக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற, ஆசிரியருக்குப் பிடித்த மாணவர். நோட்டீஸ் படிப்பது, விழாவுக்கு விருந்தினரை அழைத்துவருவது, வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போவது அவர் வேலை. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ‘ஸ்டூடண்ட் கவுன்சில்’ என்று ஒன்று இருக்கும். நேர்முகத் தேர்வு வைத்து ஆள் எடுப்பார்கள், கோட்டும் பேட்ஜும் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகள் சுறுசுறுப்பானவர்கள், உழைப்பவர்கள். அவர்களிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தேர்வுக் கட்டணம் உயர்ந்தாலோ, விடுதியில் தண்ணீர் வராவிட்டாலோ அவர்கள் யாருக்குப் பதில் சொல்லவேண்டும்? தேர்ந்தெடுத்தவருக்குத்தான். தேர்ந்தெடுத்தவர் நிர்வாகம்.

இப்போது மணிக்கூண்டுக்குத் திரும்பி வருவோம். கதவு மூடிய அதே வருடங்களில், அதே சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில் ஒரு கதவு திறந்துகொண்டிருந்தது. 1988 ஜூலை முதல் தேதி இந்திய தேசிய சட்டப் பள்ளி தன் முதல் ஐந்தாண்டு வகுப்பைத் தொடங்கியது. நிறுவன இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன். சொந்தக் கட்டடம் இல்லாமல் சென்ட்ரல் காலேஜில் இடம் வாங்கிக்கொண்டு நடந்தது. சில வருடத்தில் ஞானபாரதிப் பக்கம் நாகரபாவியில் 23 ஏக்கர் வளாகத்துக்கு மாறியது. அங்கே படிக்கிற எல்லாரும் உறுப்பினராக ஒரு மாணவர் வழக்கறிஞர் சங்கம். தலைவரையும் துணைத்தலைவரையும் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் கீழே குழுக்கள்: மாதிரி நீதிமன்றம், ஏழைகளுக்கான சட்ட உதவி மையம், விளையாட்டு, கலைவிழா. வரவு செலவை மாணவர்கள் போடுகிறார்கள், பொதுக்குழுவில் கணக்குக் கேட்கிறார்கள்.

மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை என்பதில் தொடங்கி, வளாக ஒழுங்கு விதியில் ஒரு வரியை மாற்றுவது வரை இரவு பன்னிரண்டு மணிக்குப் பொதுக்குழு கூட்டி வாதாடுகிற பழக்கம் அவர்களுக்கு உண்டு. வெளியாருக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. எதிர்த்துப் பேசுகிறவனின் முழு வாக்கியத்தையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்வது, தோற்ற தீர்மானத்துக்கும் கட்டுப்படுவது, நாலு இலட்சம் ரூபாய் விழாவின் ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக் காட்டுவது ஆகியவற்றை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத்தராது.

அந்தப் பழக்கம் 2019-ல் சோதனைக்கு வந்தது. துணைவேந்தர் ஆர். வெங்கட ராவின் பதவிக்காலம் ஜூலை இறுதியில் முடிந்தது. புதியவராகச் சுதிர் கிருஷ்ணசாமியின் பெயர் தேர்வானது. அதே பள்ளியில் 1998-ல் பட்டம் பெற்றவர். அந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் இந்தியத் தலைமை நீதிபதி. தேர்வு முடிந்தும் நியமன ஆணை வராமல் வாரங்கள் ஓடின. மாணவர்கள் முதலில் கடிதம் எழுதினார்கள். விளக்கம் கேட்டார்கள். பொதுக்குழு கூட்டினார்கள். பிறகு செப்டம்பரில் பருவத் தேர்வை எழுதுவதில்லை என்று முடிவெடுத்து வெளியே உட்கார்ந்தார்கள். யாருடைய கண்ணாடியும் உடையவில்லை. அவர்கள் கேட்டது சலுகை கிடையாது. முறைப்படி நடந்த ஒரு தேர்வு முறைப்படி நடைமுறைக்கு வரவேண்டும் என்பதுதான். செப்டம்பர் 25 அன்று சுதிர் கிருஷ்ணசாமி பொறுப்பேற்றார். அந்தப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல்முறை.

இந்திய அறிவியல் கழகத்திலும் மாணவர் கவுன்சில் உண்டு. ஆராய்ச்சி உதவித்தொகையை உயர்த்தக் கேட்டு 2018-ன் கடைசியில் நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் கிளம்பியபோது பெங்களூருவின் குரலும் சேர்ந்திருந்தது. 2019 ஜனவரி இறுதியில் மத்திய அரசு இளநிலை ஆய்வாளர் தொகையை 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக ஊர் கொதித்தபோது 144 தடை உத்தரவு போட்டார்கள். பலர் சேர்ந்து நிற்க முடியாது. பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஐ.ஐ.எம். மாணவர்கள் கூட்டமாக நிற்காமல், வாசலுக்கு வெளியே தங்கள் காலணிகளையும் எழுதிய அட்டைகளையும் வைத்துவிட்டுப் போனார்கள். வாசல் முன்னால் காலணிகள் மட்டும் வரிசையாக நின்றன. அந்தத் தடை உத்தரவு சட்டப்படி செல்லாது என்று 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னது ஒரு காரணத்துக்காக. சட்டப் பள்ளி, அறிவியல் கழகம், ஐ.ஐ.எம். ஆகிய மூன்றும் நாடு முழுக்க நடக்கிற நுழைவுத் தேர்வில் வடிகட்டி எடுக்கிற இடங்கள். கோலாரிலிருந்து காலை ரயிலில் வந்து அரசுக் கல்லூரியில் பி.காம். படிக்கிற பெண்ணுக்கு, ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பையனுக்கு, ராய்ச்சூரிலிருந்து வந்து பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் தங்கியிருக்கிறவருக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. யாருக்குக் குரல் கொடுக்க வேறு வழியே இல்லையோ அவர்களிடமிருந்துதான் வாக்குப்பெட்டி போனது. இரண்டு நாள் நடந்து வந்த நரசிம்மையா இன்று வந்தால் எந்தப் பக்கம் இருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வன்முறைக்கு மருந்தே இல்லையா என்றால், எழுதி வைத்த மருந்து இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைந்து, அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். இளங்கலை மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. வருகை 75 விழுக்காடு இருக்கவேண்டும், அரியர் இருக்கக்கூடாது. முக்கியப் பதவிக்கு ஒருவர் ஒருமுறைதான் நிற்கலாம். கட்சிகள் வெளியே நிற்கவேண்டும். சூழ்நிலை சரியில்லாத இடங்களில் தற்காலிகமாக நியமன முறை இருக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்குள் தேர்தலுக்கு மாறவேண்டும் என்றும் அந்தக் குழு சொல்லியிருந்தது. கையெழுத்துச் சுவரொட்டி விதி எனக்கு மிகவும் பிடித்தது. பணக்காரப் பையனும் ஏழைப் பெண்ணும் ஒரே தூரிகையைத்தான் பிடிக்கவேண்டும். ஐந்து வருடம் 2011-ல் முடிந்தது. கர்நாடகத்தின் சாதாரணக் கல்லூரிகளில் தூரிகை வெளியே வரவில்லை. தமிழ்நாட்டிலும் பெரும்பாலான கல்லூரிகளில் இதே நிலைதான் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

2025-ன் இறுதியில் பேச்சு மறுபடி எழுந்தது. கல்லூரித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஆளும் கட்சிக்குள்ளேயே விவாதித்தார்கள். எண்பதுகளில் மாணவர் தலைவராக இருந்த சிவகுமார் அப்போது துணை முதலமைச்சராக இருந்தார்.

பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 2017-ல் மூன்றாகப் பிரிந்தபோது சென்ட்ரல் காலேஜ் ஒரு புதிய பல்கலைக்கழகத்தின் தலைமையிடமானது. மத்தியச் சிறையின் கைதிகளைப் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றிவிட்டு, காவல் கோபுரத்தையும் சில கொட்டடிகளையும் அப்படியே விட்டு 2008-ல் ஃப்ரீடம் பார்க்கைத் திறந்தார்கள். பெங்களூருவில் யார் போராட்டம் நடத்துவதானாலும் போலீஸ் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கேதான் நடத்தவேண்டும் என்று 2022-ன் தொடக்கத்திலிருந்து விதி. தேர்வு முடிவு தாமதமானாலும், உதவித்தொகை வராமல் போனாலும் மாணவர்கள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். துரைசாமி பதினான்கு மாதம் இருந்த சுவருக்குப் பக்கத்தில், வெயிலில் உட்கார்ந்து, யாராவது அதிகாரி வந்து மனுவை வாங்கிக்கொள்வார் என்று காத்திருக்கிறார்கள். மைக்கைப் பிடிப்பவர் யார் என்பதை அங்கே வந்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள்.

(தொடரும்)